கிளட்ச் லைனில் ஏர் எடுப்பது எப்படி?

கிளட்ச் பெடலை அடிவரை ஒரு மிதி மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எவ்வளவு ஆயிலைத் தள்ளும்? சிலிண்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ. (அங்குலக் கணக்கில் 5/8), பிஸ்டன் நகரும் தூரம் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 6 சி.சி.கூட முழுதாக இல்லை. ஒரு தேக்கரண்டியை நிரப்பிச் சற்று வழியும் அளவு. ஓடும் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸைப் பிரித்து வைப்பது இந்தத் துளி ஆயில்தான்.

அதில் ஒரு சி.சி. காற்று புகுந்துவிட்டது என்று கொள்வோம். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். கிளட்ச் லைனில் எழும் சுமார் 20 பார் அழுத்தத்தில் அந்தக் காற்று இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கால் கொடுத்த தள்ளலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். லைனின் மறுமுனையில், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் 20 மி.மீ. விட்டமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு 19 மி.மீ. நகர வேண்டிய இடத்தில் 16 மி.மீ.தான் நகரும். ரிவர்ஸ் கியர் போடும்போது 'கர்ர்ர்' என்று கேட்பது அந்த 3 மி.மீ. குறைவின் சத்தம்தான்.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய தியரி இவ்வளவே. தள்ளப்படும் ஆயில் இவ்வளவு கொஞ்சம் என்பதால் வேலையும் நுணுக்கமானது. காற்றை வெளியேற்ற ஸ்லேவ் சிலிண்டரில் இருக்கும் துளைத் திருகுதான் நிப்பிள்; அதை மூடுவதில் அரை நொடி தாமதித்தாலும் காற்று திரும்ப உள்ளே போய்விடலாம். வரிசை தப்பாமல் செய்பவருக்கோ, இது ஒரு மணி நேரத்தில் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை.

காற்றுதானா, வேறு கோளாறா?

ஸ்பானரை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். மாருதி 800, ஆல்டோ போன்ற கார்களில் கிளட்ச்சை இழுப்பது கேபிள். அங்கே ஏர் எடுக்க ஒன்றுமில்லை. கேபிளை அட்ஜஸ்ட் செய்வது வேறு வேலை. டொயோட்டா இன்னோவா போன்ற வண்டிகளில் இருப்பது ஹைட்ராலிக் கிளட்ச். பெடலுக்கு நேர் எதிரே, பானெட்டைத் திறந்தால் தெரியும் சுவரில் மாஸ்டர் சிலிண்டர். அங்கிருந்து ஒரு மெல்லிய பைப். அது போய்ச் சேரும் இடத்தில், கியர்பாக்ஸின் முன்பகுதியில் ஸ்லேவ் சிலிண்டர்.

காற்று புகுந்த கிளட்ச்சின் அடையாளங்கள் ஒரே சாயலில் இருக்கும். பெடல் பொதபொதவென்று இறங்கும். தரைக்கு வெகு அருகில் வந்த பிறகே கிளட்ச் வேலை செய்யும். கியர் முரண்டு பிடிக்கும், அதிலும் ரிவர்ஸ் முதலில் முரண்டும். கீழ்க்கண்ட மூன்று சோதனைகளும் எஞ்சினை அணைத்த நிலையிலேயே செய்யக்கூடியவை.

1. பெடலை நான்கைந்து முறை அடுத்தடுத்து மிதிக்கவும். மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வந்து இறுகினால், லைனில் காற்று இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

2. பெடலை அழுத்தியபடி ஒரு நிமிடம் காலை அசைக்காமல் வைத்திருக்கவும். கால் மெல்ல மெல்லக் கீழே போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஆயிலைப் பின்னால் விடுகிறது என்று சந்தேகிக்கலாம். சிக்னலில் முதல் கியரில் நிற்கும்போது வண்டி தானாக முன்னே ஊர்வதும் இதனால் நேரலாம். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் இது சரியாகாது.

3. பெடல் கெட்டியாக இருந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் மட்டும் உறுமி வண்டி வேகம் பிடிக்காவிட்டால், தேய்ந்திருப்பது பெரும்பாலும் கிளட்ச் பிளேட். இந்த அத்தியாயம் அதற்கு உதவாது.

அடுத்தது ஆயில் மட்டம். இங்கே பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. பிரேக் பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. கிளட்ச்சில் நடப்பது நேர்மாறு. பிளேட் தேயத் தேய டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கைப் பின்னுக்குத் தள்ளும். அதனோடு ஸ்லேவ் பிஸ்டனும் பின்வாங்கும். அங்கிருந்த ஆயில், மேலே மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தரும் குப்பிக்கே திரும்பி, மட்டம் சிறிதளவு ஏறும். ஆகவே கிளட்ச்சுக்கென்று தனிக் குப்பி உள்ள காரில் மட்டம் குறைந்தால், அதைத் தேய்மானம் என்று சமாதானம் செய்துகொள்ள வழியே இல்லை. எங்கோ கசிகிறது.

கசியும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. காருக்குள் பெடலின் மேல்புறத்தில், மாஸ்டர் சிலிண்டரின் தண்டு நுழையும் இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே ஈரமோ, கீழே தரைவிரிப்பில் பெயின்ட் உரிந்தது போன்ற கறையோ இருக்கலாம். மற்றது, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை. அதன் ஓரத்தை விரலால் விலக்கினால் ஆயில் சொட்டக் கூடாது. 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வைத்திருப்பவர்கள் பலரும் இந்த உறையை விலக்கிப் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் காரின் ஸ்லேவ் சிலிண்டர் கசிவுக்குப் பெயர்போனது.

வெளியில் இருப்பது தானாக உள்ளே வராது. கசிவோ, கழற்றிப் பூட்டிய வேலையோ, குப்பி வற்றியதோ, காற்று வந்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் ஏர் எடுத்தால் அடுத்த வாரமே மறுபடி எடுக்க நேரிடும்.

எந்த ஆயில்?

குப்பியின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது. பெரும்பாலான கார்களில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். கடையில் 'பிரேக் ஆயில்' என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான்; கிளட்ச்சுக்குத் தனி ஆயில் கிடையாது.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. புதிதாக இருக்கும்போது இவற்றின் கொதிநிலை முறையே 205, 230, 260 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்கத் தரவிதி. இவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. ஈரம் ஏறிய பின் அதே விதி சொல்லும் அளவு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 ஆக இறங்கிவிடுகிறது. போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த அரை பாட்டிலை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பது இதனால்தான். சீல் உடையாத புதிய பாட்டிலையே வாங்க வேண்டும்.

டாட் 5 என்பது முற்றிலும் வேறு சாதி: சிலிகான் ஆயில். எண் பெரிதாக இருக்கிறதே, இன்னும் உயர்ந்ததாக இருக்குமோ என்று வாங்கி ஊற்றிவிடக் கூடாது. கிளைக்காலோடு அது கலக்காது. 5-க்கும் 5.1-க்கும் உள்ள அந்தப் புள்ளியைக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்க்கவும்.

எச்சரிக்கை: எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், டீசல் இவற்றில் ஒரு துளிகூடக் குப்பிக்குள் போகக் கூடாது. இந்த அமைப்பிலுள்ள ரப்பர் சீல்கள் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே குப்பி என்பதால், கெடுவது கிளட்ச்சோடு நிற்காது. புனல், சிரிஞ்ச், பாட்டில் எல்லாமே இந்த வேலைக்கென்று தனியாக இருப்பது நல்லது.

எடுத்து வைக்க வேண்டியவை

- நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர். பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மி.மீ. ஓப்பன் ஸ்பானர் வேண்டாம், முனைகளை மழுக்கிவிடும்.
- உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய், அரை மீட்டருக்குக் குறையாமல். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்றுக் குழாய் பல நிப்பிள்களில் கச்சிதமாக உட்காரும்.
- ஒளி ஊடுருவும் பாட்டில் ஒன்று. அடியில் இரண்டு விரல் அளவுக்குப் புதிய ஆயில் ஊற்றி வைக்கவும்.
- புதிய பிரேக் ஆயில் அரை லிட்டர். வேலை கால் லிட்டருக்குள் முடியும்; மீதி கைகாவல்.
- ஊசி இல்லாத 50 மி.லி. சிரிஞ்ச்.
- கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, காட்டன் வேஸ்ட்.
- ரப்பர் கையுறை, கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர்.
- சொன்னபடி கேட்கும் ஓர் ஆள்.

கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது. பெடலில் உட்காருபவருக்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லாமல் காலை எடுக்காதவராக இருந்தால் போதும்.

கீழே படுப்பதற்கு முன்

கியர்பாக்ஸ் குறுக்கே அமைந்த முன்சக்கர ஓட்டக் கார்கள் பலவற்றில் ஏர் ஃபில்டர் பெட்டியையோ பேட்டரியையோ கழற்றினால் மேலிருந்தே நிப்பிளை எட்டிவிடலாம். இன்னோவா போலக் கியர்பாக்ஸ் நீளவாக்கில் இருக்கும் வண்டிகளில் கீழே போய்த்தான் ஆக வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்கவும். தூக்கிய வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகே உடம்பில் எந்தப் பகுதியும் அடியில் போகலாம். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வண்டியைத் தாங்குவதுபோலத் தோன்றும். ஒரு விரிசலில் நொறுங்கிப்போகும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்லேவ் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே சைலன்சர் பைப் போகும் வண்டிகள் உண்டு.

பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். எங்கே சொட்டினாலும் துடைத்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவும். கிளைக்கால் தண்ணீரில் கரையும். வாளித் தண்ணீர் அதற்காகத்தான். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் அலசிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பழைய ஆயிலைக் குளிர்பான பாட்டிலில் பிடித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது விபரீதம். உள்ளே போனால் விஷம்.

இருவர் சேர்ந்து ஏர் எடுக்கும் முறை

பட்டறைகளில் இன்றும் அதிகம் செய்வது இதுதான். கருவி எதுவும் வேண்டாம், வாய்வார்த்தைதான் கருவி. தொடங்கும் முன்பே இருவரும் நான்கு சொற்களை ஒப்புக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் "மிதி" என்றால் மேலே இருப்பவர் மிதித்து முடித்துவிட்டு "மிதிச்சாச்சு" என்று பதில் தர வேண்டும். "விடு" என்றால், விட்ட பிறகு "விட்டாச்சு". பதில் வராமல் அடுத்த வேலை நடக்கக் கூடாது.

1. குப்பியின் மூடியையும் சுற்றுப்புறத்தையும் துடைக்கவும். திறந்த பிறகு துடைத்தால் தூசி உள்ளே விழும்.

2. சிரிஞ்சால் பழைய ஆயிலை முடிந்தவரை உறிஞ்சிவிட்டு, மேல்கோடு வரை புதிய ஆயில் ஊற்றவும். பிரேக்குக்கும் அதே குப்பி என்றால் அடிவரை உறிஞ்ச வேண்டாம், கீழ்க்கோட்டில் நிறுத்திக்கொள்ளவும். மூடியைத் திருகாமல் மேலே சும்மா வைத்தால் போதும்.

3. ஸ்லேவ் சிலிண்டரில் நிப்பிளைக் கண்டுபிடித்து, ரப்பர் தொப்பியைக் கழற்றிப் பத்திரப்படுத்தவும். கம்பி பிரஷால் தேய்த்து, மரை தொடங்கும் இடத்தில் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விடவும்.

4. முதலில் ரிங் ஸ்பானரை மாட்டி, பிறகு அதன் வழியாகக் குழாயைச் செருகவும். மாற்றிச் செய்தால் ஸ்பானர் உள்ளே போகாது. நிப்பிளிலிருந்து குழாய் முதலில் மேல்நோக்கி ஒரு வளைவு வளைந்து, பிறகு பாட்டிலுக்கு இறங்கட்டும். வெளியேறும் குமிழி மேலேறி ஒதுங்கும். நிப்பிள் வாயில் ஆயில் மட்டுமே நிற்கும். குழாயின் மறுமுனை பாட்டிலில் ஊற்றிய ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

5. "மிதி." பெடலை நிதானமாக அடிவரை அழுத்தி அப்படியே பிடிக்க வேண்டும். "மிதிச்சாச்சு."

6. நிப்பிளைக் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று தளர்த்தவும். ஆயிலும் குமிழிகளும் குழாயில் ஓடும். பெடல் தரையோடு ஒட்டும். ஒட்டியபடியே அழுத்திப் பிடிக்க வேண்டும்.

7. ஓட்டம் நிற்பதற்கு முன்பே நிப்பிளை மூடவும்.

8. மூடிய பிறகே "விடு." காற்று நிறைய இருக்கும் ஆரம்பச் சுற்றுகளில் பெடல் தானாக மேலே வராது. உள்ளே இருப்பவர் காலைப் பெடலின் அடியில் கொடுத்தோ கையாலோ தூக்கிவிட வேண்டும். மேலே வந்ததும் இரண்டு மூன்று நொடி விட்டால், குப்பியிலிருந்து ஆயில் இறங்கி மாஸ்டர் சிலிண்டர் நிரம்பும். "விட்டாச்சு."

9. ஐந்தாவது படியிலிருந்து எட்டாவது படிவரை திரும்பச் செய்யவும். ஐந்து முறைக்கு ஒரு முறை எழுந்துபோய்க் குப்பியைப் பார்த்து நிரப்பவும்.

10. கறுத்த ஆயில் போய்த் தேன் நிறத்தில் தெளிவாக வந்து, தொடர்ந்து நான்கைந்து மிதிகளில் ஒரு குமிழிகூட வராவிட்டால் வேலை முடிந்தது.

11. நிப்பிளை இறுக்கவும். உள்ளே துளையுள்ள சிறிய பொருள் அது. பெரும்பாலான கார்களில் 8 முதல் 11 நியூட்டன் மீட்டர் வரைதான் கொடுக்க வேண்டிய முறுக்கு. ஸ்பானரின் தலைக்குப் பக்கத்தில் பிடித்து மணிக்கட்டால் இறுக்கினால் போதும். முழங்கை பலம் கொடுத்தால் உடைந்து மரைக்குள் மாட்டிக்கொள்ளும். தொப்பியை மறக்காமல் மாட்டவும்.

குறிப்பு: இடையிடையே சுத்தியலின் மரப்பிடியாலோ சிறிய கட்டையாலோ பைப்பையும் ஸ்லேவ் சிலிண்டரையும் லேசாகத் தட்டவும். சுவரில் ஒட்டியிருக்கும் நுண்குமிழிகள் பிரிந்து நகரும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டுவிடுவது எல்லாவற்றுக்கும் தலையாயது. பெடல் ஏறும்போது லைன் உறிஞ்சும். குழாயில் இருப்பது எதுவோ அது உள்ளே போகும். முனை ஆயிலில் மூழ்கியிருந்தால் பழைய ஆயிலோடு தப்பிக்கலாம். இல்லாவிட்டால் முதலிலிருந்து.

இரண்டாவது, குப்பியை வற்றவிடுவது. ஒரே குப்பியிலிருந்து பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஆயில் போகும் கார்களில் கிளட்ச் குழாய் குப்பியின் பக்கவாட்டில், சற்று உயரத்தில் கிளம்பும். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே செய்ததுதான் இது: கிளட்ச் எவ்வளவு கசிந்தாலும் பிரேக்குக்கு வேண்டிய ஆயில் அடியில் தங்கும். அதற்குக் கொடுக்கும் விலை, பார்ப்பதற்குக் குப்பியில் ஆயில் இருக்கும்போதே கிளட்ச் காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும். ஏர் எடுக்கும்போது மட்டம் அந்தக் குழாய்க்குக் கீழே இறங்கினால் அதுவரை செய்தது வீண்.

பெடலைப் படபடவென்று அடிப்பது இன்னொன்று. வேகமாக மிதித்தால் காற்று சீக்கிரம் வரும் என்று தோன்றும். உண்மையில் பெரிய குமிழி உடைந்து நுரையாகிவிடும். நுரையை வெளியேற்றுவது பெரும்பாடு. அப்படி ஆகிவிட்டால் ஒரு மணி நேரம் வண்டியைத் தொடாமல் விட்டுவிட்டுப் பிறகு தொடங்குவதே நல்லது.

ஆள் கிடைக்காவிட்டால்

பொறுமை உள்ளவருக்குப் புவியீர்ப்பே போதும். குப்பியை நிரப்பி, குழாயை மாட்டி, நிப்பிளைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சொட்டுச் சொட்டாக இறங்கும் ஆயில் காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். அரை மணி நேரம் ஆகலாம். எல்லாக் கார்களிலும் இது பலிக்காது. பைப் இடையில் மேடேறி இறங்கும் வண்டிகளில் மேட்டின் உச்சியில் குமிழி உட்கார்ந்துகொண்டு அசையாது.

அத்தகைய லைனுக்குக் கீழிருந்து மேலாக ஏற்றும் முறை பொருந்தும். காற்றுக்கு மேலே போவதே இயல்பு. அதன் போக்கிலேயே தள்ளிவிடுவது. குப்பியைக் கீழ்க்கோடு வரை குறைத்துக்கொண்டு, சிரிஞ்சில் புதிய ஆயில் நிரப்பி, குழாயில் காற்றில்லாமல் நிப்பிளில் மாட்டி, நிப்பிளைத் தளர்த்தி மெதுவாக அழுத்த வேண்டும். மேலே குப்பியில் குமிழிகள் கொப்பளிக்கும். ஒரு நிபந்தனை: கறுத்த பழைய ஆயில் இருக்கும் லைனில் இதை நேரடியாகச் செய்யக் கூடாது. அடியில் தங்கிய கசடு மாஸ்டர் சிலிண்டருக்கு ஏறிவிடும். முதலில் வழக்கமான முறையில் பழையதை வெளியேற்றிவிட்டுத்தான் இது. குப்பி வழியாமல் பார்க்க இன்னொரு கண்ணும் வேண்டும்.

கையால் இயக்கும் வேக்குவம் பம்பு சிலருக்குப் பிடிக்கும். அதில் ஒரு ஏமாற்று உண்டு: தளர்த்திய நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்பட்டுக் குழாயில் ஓயாமல் குமிழி வந்துகொண்டே இருக்கும். லைனில் காற்றே இல்லாதபோதும் ஆயிலை வீணடித்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. மரையைச் சுற்றிச் சிலிகான் கிரீஸ் தடவினால் ஓரளவு அடங்கும்.

அழுத்தம் கொடுத்து மேலிருந்து தள்ளும் கருவிகளும் இருக்கின்றன. பிரிட்டனில் நெடுநாளாக விற்கும் கன்சன் நிறுவனத்தின் ஈசிபிளீட், ஸ்டெப்னி டயரின் காற்றையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் டயரை 20 பிஎஸ்ஐ அல்லது அதற்குக் கீழே இறக்கிய பிறகு. பிளாஸ்டிக் குப்பிக்கு 15 பிஎஸ்ஐ தாராளம். மூடி சரியாக உட்காராவிட்டால் பானெட்டுக்குள் ஆயில் மழை.

முரண்டு பிடிக்கும் வண்டிகள்

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பெடல் பொதபொதப்பு போகாத வண்டிகளில், குமிழி நிப்பிளுக்கு வர வழியில்லாத ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் இதற்குப் பெயர் வாங்கியது. அதன் மாஸ்டர் சிலிண்டர் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் உயர்ந்த முனையில் காற்று தங்கிவிடும். எவ்வளவு மிதித்தாலும் கீழே இறங்காது. அந்த வண்டிக்காரர்கள் மாஸ்டர் சிலிண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, சாய்வை மாற்றிப் பிடித்துத் தண்டை மெல்லச் சிறிது சிறிதாக அமுக்குவார்கள். குமிழி குப்பி வழியே வெளியேறும். புதிய மாஸ்டர் சிலிண்டர் போடுகிறவர்கள், வண்டியில் மாட்டுவதற்கு முன் மேசையிலேயே இப்படி நிரப்பிக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

வெளியே போல்ட்டில் நிற்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கும் இதே தந்திரம் எடுபடும். அதன் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, பைப்பைக் கழற்றாமலே, நிப்பிள் உச்சியில் வரும்படி சாய்த்துப் பிடித்து, தண்டை முழுதாக உள்ளே தள்ளி இறுக்கிக் கட்டிவிட்டு ஏர் எடுக்கலாம். பிஸ்டன் அடியோடு உள்ளே போய்விட்டதால் காற்று தங்க இடமிருக்காது. ஸ்லேவ் கையில் இருக்கும்போது தண்டைக் கட்டாமல் யாரும் பெடலைத் தொடக் கூடாது. பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

ரெனோவின் பல மாடல்களில் நிப்பிளைத் தேடினால் கிடைக்காது. பைப் ஸ்லேவுடன் சேரும் இடத்தில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். கிளிப்பைத் தூக்கி, பைப்பை ஒரு படி மட்டும் வெளியே இழுத்தால் அதுவே திறந்த நிப்பிள். உள்ளே தள்ளினால் மூடிய நிப்பிள். முழுதாக இழுத்துவிட்டால் ஆயில் கொட்டும்.

இன்னொரு வகை, கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே ரிலீஸ் பேரிங்கோடு ஒன்றாக அமைந்த ஸ்லேவ். ஃபோர்டு கார்கள் பலவற்றில் இதுதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிள் வழியாக ஏர் எடுக்கும் முறை மேலே சொன்னதே, ஆனால் பெடலை இன்னும் நிதானமாக மிதிக்க வேண்டும். புதிதாக வாங்கியதைப் பொருத்துவதற்கு முன் கையால் அமுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். காய்ந்த சீல் அதிலேயே கிழியலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

1. மூடியை இறுக்கி, குப்பியின் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதைப் பார்க்கவும்.

2. பிரேக்குக்கும் அதே குப்பி என்றால் முதலில் பிரேக் பெடலை மிதித்துப் பார்க்கவும். அது கெட்டியாக இல்லாவிட்டால் வண்டி ஓர் அடிகூட நகரக் கூடாது. பிரேக் லைனிலும் ஏர் எடுக்க வேண்டும்.

3. வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தாமல், முன்னும் பின்னும் திறந்த இடத்தில் வைத்து, ஹேண்ட்பிரேக்கோடு எஞ்சினை ஸ்டார்ட் செய்யவும்.

4. கிளட்ச்சை முழுதாக அழுத்தி நான்கு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடவும். உள்ளே சுழன்றது நிற்க அந்த நேரம் வேண்டும். சத்தமில்லாமல் விழுந்தால் நல்லது.

5. முதல் கியரில் பெடலை மெல்ல விடும்போது, தரையிலிருந்து தெளிவான உயரம் வந்த பிறகே வண்டி நகரத் தொடங்க வேண்டும்.

6. மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் நிப்பிளைச் சுற்றி விரல் வைத்துப் பார்க்கவும். ஈரம் இருந்தால் லேசாக இறுக்கவும்.

சில நாளில் பெடல் மறுபடி இறங்கினால்

இரண்டாம் முறை ஏர் எடுக்க உட்கார வேண்டாம். தேய்ந்த சீல், பெடல் திரும்பும்போது வெளிக்காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆயில் வெளியே சொட்டாமலே இது நடக்கலாம். இரண்டு சிலிண்டர்களும் ஒரே வயதுடையவை. ஒன்றுக்கு மட்டும் புது சீல் போட்டால், பழையதில் அடுத்த கசிவு தொடங்குவது அநேகமாக நிச்சயம். மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது சிக்கனம். சிலிண்டரின் உட்சுவரில் துருப்பள்ளமோ கீறலோ இருந்தால் சீல் கிட் மட்டும் போடுவதில் பயனில்லை; புதிய கப்பும் அதே கீறலில் கிழியும். இடையிலுள்ள ரப்பர் ஹோஸையும் மடக்கிப் பார்க்க வேண்டும். வெடிப்பு தெரிந்தாலோ, பெடல் மிதிக்கும்போது ஊதினாலோ அதுவும் மாற வேண்டியதே. உள்ளே அமைந்த ஸ்லேவ் என்றால் கியர்பாக்ஸை இறக்காமல் வழியில்லை. இறக்கும் கூலி ஒன்றுதான் என்பதால், கிளட்ச் பிளேட்டின் தேய்மானத்தையும் அப்போதே பார்த்து, இரண்டையும் சேர்த்து மாற்றுவதா என்று பட்டறையில் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.